ஆறு வாசலுக்கு ஒரு மாஸ்க்

தகரத்தில் ஆணி அறையும் சத்தம்தான் அன்றைக்கு என்னை எழுப்பியது. யாரோ கூரை போடுகிறார்கள் என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். ஆனால் சத்தம் சந்தின் இரண்டு முனையிலிருந்தும் வந்தது. கூரைக்கு எதற்கு இரண்டு முனை என்று அரைத் தூக்கத்தில் யோசித்தவள், எழுந்து ஓடினேன்.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் சந்து மெயின்ரோட்டைத் தொடும் இடத்தில் சவுக்குக் கட்டை நட்டு, ஆள் உயரத்துக்கு மேல் தகரம் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். புதுத் தகரம். வெயில் அதில் பட்டுத் திரும்பி எங்கள் கண்ணிலேயே விழுந்தது. முந்தின நாள் சாயங்காலம் எதிர்ச்சாரியில் ஒரு வீட்டிலிருந்து ஒருவரைக் காய்ச்சலோடு வண்டியில் ஏற்றிப் போயிருந்தார்கள். அதற்குத்தான் இது. கொரோனா வந்த முதல் வருஷம். நோய் உள்ளே இருக்கிறது, அது உள்ளேயே இருக்கட்டும் என்பது கணக்கு. நாங்களும் உள்ளேதான் இருந்தோம். எங்களை எந்தக் கணக்கில் சேர்த்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் லைன் வீட்டின் கடைசிக் குடித்தனம் ஒரு ஆட்டோக்காரர். பல் விளக்கிக்கொண்டே வந்து தகரத்தைத் தட்டிப் பார்த்தார்.

“இன்னா நைனா, தகரம் கெட்டியா கீதே. எங்க ஊட்டுக் கூரைக்கே இம்மாம் நல்ல தகரம் இல்ல. வேல முடிஞ்சா இங்கியே உட்டுட்டுப் போ, புண்ணியமாப் போவும்.”

ஆணி அடித்தவர் சிரிக்கவில்லை. நாங்கள் சிரித்தோம். வாய்விட்டு, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, இடைவெளி இல்லாமல் சிரித்தோம். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பே திகிலாக இருக்கிறது.

லைன் வீடு என்றால் ஆறு குடித்தனம். பக்கச் சுவரைத் தோளோடு தோளாகப் பகிர்ந்துகொண்டு வரிசையாக ஆறு கதவு. எதிரே காம்பவுண்டுச் சுவர். நடுவில் ஒரு நடை; ஒருவர் துணி காயப்போட்டால் இன்னொருவர் குனிந்துதான் போகவேண்டும். கடைசியில் இரண்டு கக்கூஸ், ஒரு குளியலறை, ஒரு அடிபம்பு. பம்புத் தண்ணீர் உப்பு. குடிக்க லாரித் தண்ணீர். ஏணி ஒன்று, கிரைண்டர் ஒன்று, கொசுவுக்குப் புகை போடும் சட்டி ஒன்று. ஆறு வீட்டு வண்டிக்கும் சேர்த்து ஒரே ஹெல்மெட். யார் ரோட்டுக்குப் போகிறார்களோ அவர்கள் தலையில் அது ஏறும், திரும்பி வந்ததும் கேட்டில் தொங்கும். யாருடையது என்று கேட்டால் “லைனோடது” என்போம். அப்படிச் சொல்வதில் எங்களுக்கு ஒரு கௌரவம்கூட இருந்தது.

தகரம் பார்க்க என் வீட்டுக்காரர் மட்டும் வெளியே வரவில்லை. வரக்கூடாது என்று சொல்லியிருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவருக்கு பஃபிங் வேலை. துருவேறிய குழாயையும் பாத்திரத்தையும் சுழலும் சக்கரத்தில் அழுத்திக் கண்ணாடி மாதிரி ஆக்கும் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதுதான். பொருள் பளபளத்தது, அதிலிருந்து உதிர்ந்ததெல்லாம் அவர் நெஞ்சுக்குள் போய்ப் படிந்தது. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று வேடிக்கை பார்ப்பதுபோல் நடிப்பார். இருமல் உடன்பிறந்தது மாதிரி கூடவே இருக்கும். எஸ்டேட் பக்கத்துக் கிளினிக் டாக்டர் போனில் என்னிடம் சொல்லிவிட்டார்: “இவருக்கு இது வந்தா நெஞ்சு தாங்காதும்மா. வராம பாத்துக்கோங்க.”

வராமல் பார்த்துக்கொள்வது. மழை வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்ன மாதிரி இருந்தது. ஆனாலும் கிளம்பிவிட்டேன். அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். மற்றவர்கள் எழுவதற்குள் அவரை எழுப்பி, கக்கூஸில் பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டு உள்ளே அனுப்புவேன். காய்கறியை உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவேன். கதவுத் தாழ்ப்பாளைச் சோப்பு போட்டுத் தேய்ப்பேன். அவருக்கென்று புதுக் கைக்குட்டையில் மாஸ்க் மடித்துத் தைத்து, தினம் கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்து, எங்கள் வீட்டுக்குள்ளேயே ஃபேனுக்குக் கீழே காயப்போடுவேன்.

“இன்னாமே, என்னை ஊறுகா ஜாடி மாதிரி மூடி வெச்சிகீற?” என்பார்.

“ஊறுகாதான்யா நீ. கை பட்டா கெட்டுப் பூடுவ.”

அவர் சிரித்தால் இருமல் வரும். அதனால் அவரைச் சிரிக்க வைக்காமல் இருக்கவும் பழகிக்கொண்டிருந்தேன்.

தள்ளி நில்லுங்கள் என்றார்கள் கார்ப்பரேஷன்காரர்கள். நாங்களும் நின்று பார்த்தோம். பம்பைச் சுற்றி ஆளுக்கு ஒரு வட்டம் என்று சுண்ணாம்பில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். போட்டவர் நல்ல மனுஷன், அளந்துதான் போட்டார். மூன்றாவது வட்டத்தோடு நடை தீர்ந்துவிட்டது. நான்காவது வட்டம் மூன்றாவதின் மடியில் உட்கார்ந்தது, ஐந்தாவது பாதி சுவரில் ஏறியது. ஆறாவதை அவர் போடவில்லை. கொஞ்ச நேரம் சுண்ணாம்பு வாளியோடு நின்று பார்த்துவிட்டு, “அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்று போய்விட்டார்.

என் தங்கை ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். வீடியோ காலில் வருவாள். அவள் பின்னால் வேப்பமரமும் தனி கேட்டும் ஆள் இல்லாத அகலமான ரோடும் தெரியும். “எங்க பிளாக்ல ஒரு கேஸ் கூட இல்லக்கா. வெளியவே வர்றதில்ல. லாக்டவுன் நல்லாத்தான் வேல செய்யுது” என்றாள். அவள் சொன்னதில் பொய்யில்லை. அதே உத்தரவு, அதே தேதி. வீட்டுக்குள் இருங்கள் என்று சொன்னதும் அவர்கள் தனித்தனி ஆனார்கள். எங்களுக்குச் சொன்னதும் நாங்கள் ஒரே கும்பல் ஆனோம். வேலை நாட்களில் பகலில் எங்கள் லைனில் காக்காய்தான் இருக்கும். ஒருவர் காலை ஷிப்ட் போவார், இன்னொருவர் நைட் ஷிப்ட் முடிந்து தூங்குவார், நான் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் ஒட்டிக்கொண்டிருப்பேன். ஒரே நேரத்தில் எல்லாரும் வீட்டிலிருக்கும்படி அந்த லைனை யாரும் கட்டவில்லை. இப்போது எல்லா ஷிப்டும் ஒன்றாக வீட்டில் இருந்தது. ஆறு கதவும் நாள் முழுக்க மூச்சு விட்டது. தகரத்தில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி விட்டுக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். காய்கறி வண்டி வரும்போது கொஞ்ச நேரம் அதைப் பிரிப்பார்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் வாங்கவேண்டும் என்று தெருவே அங்கே போய் அப்பிக்கொள்ளும். கடை நாள் முழுக்கத் திறந்திருந்த காலத்தில் நாங்கள் ஒருவரையொருவர் இவ்வளவு இடித்துக்கொண்டதே இல்லை.

தினமும் காலையில் காய்ச்சல் கணக்கெடுக்க ஒரு பெண் வருவாள். கல்லூரி முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இதற்கு வந்தவள். வியர்வையில் முகம் வெந்திருக்கும். நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டிக் காய்ச்சல் பார்ப்பாள். பிறகு வீட்டுக்கு ஒருவரை மாஸ்க்கோடு வாசலில் நிற்கவைத்துப் போனில் போட்டோ எடுத்து மேலே அனுப்பவேண்டும். அவள் வரும் நேரமும் தண்ணீர் லாரி வரும் நேரமும் ஒன்று. நான் குடத்தோடு தகரத்தருகே வரிசையில் நிற்பேன். எங்கள் வாசலில் என் வீட்டுக்காரர் போட்டோவுக்கு நிற்பார். கைக்குட்டை மாஸ்க்கைக் காதில் மாட்டிவிட்டுத்தான் நான் குடத்தை எடுப்பேன். அவள் எட்டி நின்றுதான் எடுப்பாள். அதில் எனக்குப் பயம் இருக்கவில்லை.

ஒரு நாள் லாரி வரவில்லை. பஞ்சர் என்றார்கள். காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சீக்கிரமே திரும்பினேன்.

கேட்டுக்குள் நுழைந்தபோது முதல் வீட்டு அக்கா போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தாள். லைனிலேயே குரல் பெரிய மனுஷி. பிரசவமோ சண்டையோ எங்கள் லைனில் அவள் இல்லாமல் நடக்காது. முகத்தில் நீல நிற ஆஸ்பத்திரி மாஸ்க் போட்டிருந்தாள். அந்தப் பெண் போனை இறக்கியதும், அக்கா மாஸ்க்கைக் கழற்றிப் பின்பக்கமாக நீட்டினாள். இரண்டாவது வீட்டுக் கொத்தனார் வாங்கினார். மாட்டினார். நின்றார். போட்டோ. கழற்றினார். அடுத்தது எங்கள் வாசல். அங்கே ஆட்டோக்காரர் தயாராக நின்று அதைக் கையில் வாங்கி, என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

நான் மடித்துத் தைத்த கைக்குட்டை என் வீட்டுக்காரர் சட்டைப்பையில் இருந்தது. நுனி வெளியே தெரிந்தது.

ஆட்டோக்காரர் அந்த நீல மாஸ்க்கை அவர் காதில் மாட்டி, மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை சரிசெய்கிற அக்கறையோடு இழுத்துவிட்டார். “நில்லுண்ணா, மூக்கு தெரியுது. மூக்கு தெரிஞ்சா மேல இருக்கறவன் ஒத்துக்க மாட்டான்.” மூக்கின் மேலிருந்த கம்பியை இரண்டு விரலால் அழுத்தினார். கொத்தனார் வியர்வை, அக்கா மூச்சு, இன்னும் அதற்கு முந்தின நாட்களின் எல்லா மூச்சும் அந்தத் துணியில் இருந்தது. அதற்குப் பின்னால் என் வீட்டுக்காரர் ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார். துணி உள்ளே குழிந்ததைப் பார்த்தேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தக் குழி தெரிகிறது.

குடம் எப்போது விழுந்தது என்று தெரியாது. நடை முழுக்க உருண்டுபோய்ப் பம்பில் முட்டி நின்றது. வார்த்தையில்லாமல் கத்தினேன். எல்லாரும் திரும்பினார்கள். எந்த முகத்திலும் திருட்டு முழி இல்லை, அதுதான் என்னை இன்னும் அசைத்தது. விருந்தாளியைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள்.

“எத்தினி நாளா நடக்குது இது?”

“இன்னாம்மா, இதுக்குப் போய்க் கத்துற?” என்றாள் அக்கா. தொண்டை கரகரத்தது. வாயில் மிளகு அடக்கியிருந்தாள். “டெய்லி இதானே. போட்டோ ஸ்டூடியோல ஒரு கோட்டு தொங்கும் பாரு, எல்லாரும் போட்டுகினு படம் புடிச்சிப்பாங்களே, அந்த மாதிரின்னு வெச்சிக்கோ.”

“அவருக்குத்தான் தனியா தெச்சிக் குடுத்திருக்கேனேக்கா!”

“அது கைக்குட்டம்மா” என்றார் ஆட்டோக்காரர் பொறுமையாக. “கைக்குட்டய போட்டோல பாத்தா ரிஜக்ட் பண்றாங்கோ. நம்ம சந்துல ரெண்டு பேருக்கு ஃபைனே போட்டாங்கோ. இது ஒரிஜினல் மெடிக்கல் ஷாப்பு மாஸ்க்கு. தகரம் அடிக்கறதுக்கு முன்னாடியே நான் அலஞ்சு வாங்கினாந்தது. லைனுக்குன்னு.”

அக்கா என் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “தோ பாரு. உன் ஊட்டுக்காரரு இருமுறாரு. இந்தப் பொண்ணு முன்னால இருமினாருன்னா வண்டில ஏத்திகினு பூடுவாங்க. அப்புறம் இன்னோரு மாசம் தகரம். மூஞ்ச நல்லா மூடிகினா இருமல் வெளிய தெரியாதுன்னுதான் ஆட்டோக்காரன வுட்டு மாட்ட வெக்கிறேன். உனக்கு நல்லது பண்ணா கொடத்தப் போட்டு ஒடைக்கிற.”

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் போனைத் துடைத்தாள். “நான் என்னக்கா பண்ணட்டும்? போட்டோவுல மாஸ்க் இருக்கணும். ஒரே மாஸ்க்கான்னு போன் கேக்கறதில்ல.” அழுதுவிடுவாள் போலிருந்தது. “ஆளுக்கொண்ணு குடுங்கன்னு கேட்டிருக்கேன். வரும்னாங்க.”

என் வீட்டுக்காரர் மாஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சண்டையைத் தீர்த்துவைக்கும் குரலில் சொன்னார்: “வுடுமே. நல்லாத்தான் இருந்துச்சு. சூடா, வெதுவெதுன்னு.”

வெதுவெதுன்னு. அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு உடம்பு முழுக்கச் சில்லிட்டது.

தட்டைத் தனியாக வைத்தேன். தாழ்ப்பாளைத் தேய்த்தேன். ஒவ்வொரு கீரை இலையையும் கழுவினேன். இவ்வளவுக்கும் நடுவில், தினமும், பட்டப்பகலில், எல்லார் கண்ணெதிரே, அன்பாக, ஆறு பேர் மூச்சை ஒரு துணியில் சேர்த்து அவர் மூக்கில் வைத்து அழுத்தியிருக்கிறார்கள். யாருக்குக் கெட்ட எண்ணம்? யாருக்கும் இல்லை. ஏணி மாதிரி, ஹெல்மெட் மாதிரி, அதையும் லைனுக்கு என்று வாங்கி வந்தார்கள். ஹெல்மெட் போலீசுக்கு, இது போட்டோவுக்கு. உத்தரவு போட்டவர்கள் கேட்டது எதுவோ அதை நாங்கள் அப்படியே கொடுத்துவிட்டோம். மாஸ்க் போட்ட ஆறு முகம். மேலே எங்கோ ஒரு திரையில் எங்கள் லைன் ஒழுங்கான லைனாகத் தெரிந்திருக்கும்.

அன்றைக்கு மத்தியானம் அக்கா படுத்தாள். தொண்டைக் கரகரப்பு என்றவள் எழுந்திருக்கவில்லை. இரண்டு நாள் அதையும் மறைத்தார்கள். கதவைச் சாத்தி, “தலவலி” என்றார்கள். மறைக்காமல் என்ன செய்வார்கள்? சொன்னால் தகரம் நீளும், வேலை போகும், லைனே அக்காவைக் குறை சொல்லும். காய்ச்சல் கூடியபோதுதான் வண்டியைக் கூப்பிட்டார்கள். அக்கா போனாள். போகும்போதும் வாசலில் நின்று, “ஏய், பம்புல வாஷர் போயிருக்கு, யாராச்சும் மாத்துங்கடா” என்று கத்திவிட்டுத்தான் ஏறினாள்.

அவள் திரும்பி வரவில்லை. உடம்பையும் கொடுக்கவில்லை. எங்கோ கொண்டுபோய் அடக்கம் செய்ததை அவள் புருஷன் போனில் ஒரு படமாகப் பார்த்தார். அந்தப் படத்தை எங்களிடமும் காட்டினார். வெள்ளைப் பை. அதற்குள் அக்கா என்று நம்பவேண்டும். அவ்வளவு பெரிய குரல் அதற்குள் எப்படி அடங்கியது?

ஆனால் அந்தச் செய்தி வருவதற்கு முன்பே என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அவருடைய பழைய இருமலை நான் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் அடையாளம் சொல்வேன். இது வேறு. அடியில்லாத இருமல். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவியை எதிர்ச்சாரியிலிருந்து வாங்கி வந்து மாட்டினோம். எண்ணைப் பார்த்த ஆட்டோக்காரர் எழுந்து வெளியே போனார். அவர் ஜோக் அடிக்காமல் போனதில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

வெள்ளை உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். கண் மட்டும் தெரிந்தது. என் வீட்டுக்காரர் தானே நடந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதில் லுங்கி, துண்டு, சார்ஜர். தகரம்வரைக்கும் நான் போனேன். அங்கே காவலுக்கு உட்கார்ந்திருந்த ஊர்க்காவல் படைக்காரர் கையை நீட்டித் தடுத்தார். “நீங்க வரக்கூடாதும்மா.” கம்பி பிரிந்து, என் வீட்டுக்காரர் வெளியே போய், கம்பி மூடிக்கொண்டது. டாக்டர் சொன்னது காதில் இரைந்தது. இந்த நெஞ்சு தாங்காது. வண்டிக் கதவு சாத்திய சத்தம் மட்டும்தான் எனக்குக் கிடைத்தது.

எனக்கு டெஸ்ட் எடுத்தார்கள். இல்லை என்று வந்தது. ஏன் எனக்கு இல்லை? போட்டோ நேரத்தில் நான் தண்ணீருக்கு நின்றதாலா? யாரைக் கேட்பது?

அவர் வார்டில் ஆக்சிஜன் வைத்துப் படுத்திருந்தார். பேச மூச்சில்லை. நான் போன் செய்து பேசுவேன், அவர் கேட்பார். கேட்கிறது என்பதற்கு நகத்தால் போனில் தட்டுவார். ஒரு தட்டு, ஆமாம். நான் உளறிக்கொண்டே இருப்பேன். லாரி வந்தது, வெண்டைக்காய் முற்றல், உங்க கம்பெனி ஆள் போன் பண்ணினார். தட்டு வரும். சில சமயம் தட்டு வரத் தாமதமாகும். அந்த இடைவெளியில் நான் நடையில் நின்றுகொண்டு சுவரைப் பிடித்துக்கொள்வேன். அக்கா இறந்ததை மட்டும் சொல்லவில்லை.

அதற்குள் எங்கள் தகரத்தை நீட்டித்துவிட்டார்கள். உள்ளே கொத்தனார் படுத்தார். பிறகு ஆட்டோக்காரர். ஆளுக்கொரு மாஸ்க் வந்து சேர்ந்தது. கட்டாக, பிளாஸ்டிக் உறையில், பிரிக்காமல். கணக்கெடுக்கும் பெண்ணே கொண்டுவந்து வாசல் வாசலாக வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு நாள் மத்தியானம் ஊர்க்காவல் படைக்காரர் தகரத்தருகிலிருந்து கூப்பிட்டார். “அம்மா! உங்க ஊட்டுக்காரரு வந்துட்டாரும்மா! டிஸ்சார்ஜ் பண்ணி ரோட்டாண்ட எறக்கி உட்டுட்டுப் போயிட்டாங்க!” அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். தன் அண்ணனே பிழைத்து வந்த மாதிரி.

செருப்பில்லாமல் ஓடினேன். அவரை அனுப்புகிறோம் என்று காலையிலேயே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருந்தது. அப்போதே முடிவு செய்து, செய்யவேண்டியதையும் செய்துவிட்டேன். ஆனால் முடிவு செய்வது வேறு, தகரத்துக்கு இந்தப் பக்கம் நின்று அதைச் சொல்வது வேறு. இரண்டு தகரம் சேரும் இடத்தில் ஒரு விரிசல். அதில் அவருடைய ஒரு கண்ணும் பாதிக் கன்னமும் தெரிந்தது. கன்னம் உள்ளே ஒட்டிப்போய் வெள்ளைத் தாடி முளைத்திருந்தது. இவர் யார் என்று ஒரு நொடி திகைத்துவிட்டேன்.

ஊர்க்காவல் படைக்காரர் கம்பியைப் பிரிக்க ஆரம்பித்தார்.

“தெறக்காதீங்க” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “இன்னாம்மா?”

“தெறக்காதீங்கன்னேன்.”

“இன்னாமே, தெறக்கச் சொல்லு” என்றார் என் வீட்டுக்காரர். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு. “நிக்க முடியல.”

“உள்ள வராதய்யா.”

“இன்னா?”

“உள்ள காய்ச்சல் கீது. கொத்தனாரு படுத்துகினு கீறாரு. ஆட்டோக்காரருக்கும் வந்துடுச்சு. அதே கக்கூசு, அதே பம்பு. நீ உள்ள வந்தா திரும்பப் புடிச்சிக்கும். உங்க அண்ணனுக்கு போன் பண்ணிட்டேன். செம்பரம்பாக்கத்துல அவரு வாட்ச்மேனா கீற குடோன்ல ஒரு ரூம்பு காலியா கீதாம். காய்கறி ஏத்துற குட்டியானை வண்டி எடுத்துகினு வந்துகினு கீறாரு. நீ அங்க போ.”

விரிசலில் அந்தக் கண் அசையவில்லை.

“என் ஊட்டுக்கு நான் வரக்கூடாதா?”

“வரக்கூடாது.”

“அக்காதான் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்திருக்குமே, அத்தக் கூப்புடு. அது வந்து சொல்லட்டும். அக்கா எங்க?”

லைனில் எது நடந்தாலும் முதலில் வருவது அவள் குரல். அது வரவில்லை. அந்த மௌனம் அவருக்குள் இறங்குவதை விரிசல் வழியே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தலை மெல்லக் கீழே போனது. தகரத்தில் அவர் நெற்றி முட்டும் சத்தம் கேட்டது.

நெற்றியை எடுக்காமலே சொன்னார்: “ஆஸ்பத்திரில மூஞ்சி தெரியாதவன்லாம் என்னத் தொட்டுத் தூக்கி உக்கார வெச்சான். நீ தகரத்த மூடுற.”

“மூடுறேன். திட்டிக்கோ.”

ஒருமுறை வந்தவருக்கு உடனே மறுபடி வருவது அபூர்வம் என்று பிறகு சொன்னார்கள். அன்றைக்கு எங்கள் சந்தில் யாருக்கும் அது தெரியாது. சொல்ல ஆளும் இல்லை. சோற்றில் உப்பு கூடினால்கூட அவர் இன்றும் என்னைக் குத்திக் காட்டுவார்: “தகரத்துக்கு அந்தாண்ட நிக்க வெச்சவதானே நீ.” சொல்லட்டும். சொல்வதற்கு அவர் இருக்கிறார்.

அவருக்கு மாற்றுத் துணி மூட்டை கட்டி எடுத்து வந்திருந்தேன். தகரத்துக்கு அடியில் தள்ளக் குனிந்தேன். கை நின்றுவிட்டது. உள்ளே காய்ந்த துணி. கொத்தனார் கொடிக்குப் பக்கத்துக் கொடியில் காய்ந்த துணி. மூட்டையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தேன். வாழ்நாள் முழுக்கத் தோய்த்துப்போட்ட சட்டையை ஒரு மனுஷனிடம் கொடுக்கப் பயந்து உட்கார்ந்திருக்கும் நிலைமையை நான் எங்கேயும் படித்ததில்லை.

குட்டியானை வந்து நின்ற சத்தம் கேட்டது. அவர் அண்ணன் இறங்கவில்லை. “பின்னாடி ஏறிக்கடா, கூடைய ஒதுக்கி வெச்சிகீறேன். தார்பாய் போட்டுகினு குந்து” என்ற குரல் மட்டும் வந்தது. அவர் ஏறுவது தெரிந்தது. ஏறி, பாதியில் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஏறி. என்னைத் திரும்பிப் பார்த்தாரா என்று தெரியாது. விரிசலில் காய்கறிக் கூடையும் ஒரு பிளாஸ்டிக் கவரும்தான் தெரிந்தது. வண்டி பூந்தமல்லி பக்கம் போகத் திரும்பியது. சத்தம் தேய்ந்து, ரோட்டில் ஒன்றுமே இல்லாத சத்தம் வந்தது.

ஊர்க்காவல் படைக்காரர் பாதி பிரித்த கம்பியோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

“கட்டிடட்டுமாம்மா?” என்றார்.

“கட்டுங்க. இன்னும் ரெண்டு முறுக்கு சேத்துப் போடுங்க” என்றேன்.